நிற்கும்போது

ஓடுகிற வண்டிகளை எனக்குத் தெரியாது.
பத்தொன்பது வருடமாக
நான் அறிந்ததெல்லாம் நிற்கிற வண்டிகள்.
பாலத்துச் சுங்கச்சாவடி, மூன்றாம் கூண்டு, இரவு முறை.
ஜன்னலைத் தள்ளுமுன்பே சத்தம் வந்துவிடும்:
இது சோயா லாரி, பெல்ட் தேய்ந்தது.
இது அக்கரையிலிருந்து திரும்பும் பல் மருத்துவர்,
நேற்றுத்தான் ஆயில் மாற்றியிருக்கிறார்.
இது கையில் காசில்லாதவன்,
சில்லறை தேடி முடிக்கும்வரை ஆக்சிலரேட்டரை விடமாட்டான்,
விட்டால் அணைந்துவிடும்.

இத்தனையும் தெரிந்தவளிடம்
வில்மார் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பெஜோ 504-க்கு என் கடைசித் தம்பியின் வயது.
நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் ஒரு குறை சொல்ல முடியாது.
சிக்னலில் நின்றால்
குளிர்ஜுரக்காரன் பல் மாதிரி கிடுகிடுக்கும்.

மே மாதம் முழுக்க அவன் பானெட்டுக்குள் குடியிருந்தான்.
பிளக் நான்கும் புதிது. ஒயர்கள் புதிது.
கார்புரேட்டர் மூன்று நாள்
என் பால் காய்ச்சும் பாத்திரத்தில் பெட்ரோலில் ஊறியது.
(அந்தப் பாத்திரம் இப்போது அவனுடையது.)
என்ஜினை ஓடவிட்டு ஒவ்வோர் ஒயராகப் பிடுங்கினான்:
ஒன்றைப் பிடுங்க, தள்ளாடியது.
இரண்டு, தள்ளாடியது.
நான்கு, அணையப் பார்த்தது.
மூன்றைப் பிடுங்கினால் மட்டும்
எதுவும் நடக்காத மாதிரி
அதே நடுக்கம்.
"சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் இவன்தான்!"
பாய்சாந்து நகராட்சியையே கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

மூன்றின் பிளக்கை ஒன்றுக்கு மாற்றினான்.
நோய் கூடப் போகவில்லை. மூன்றிலேயே இருந்தது.
கம்ப்ரெஷன் பார்த்தான், நான்கும் சரி.
நோட்டில் எழுதினான், அடிக்கோடிட்டான்,
பிறகு அந்தத் தாளைக் கிழித்து
ஆயில் கையைத் துடைத்தான்.

ஜூன், முதல் வியாழன்.
என்னை வேலைக்குக் கொண்டுவிடுகிறான்.
பாலத்துக்கு முன் மேட்டில் நீண்ட வரிசை.
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்,
கையில் மாத்தே சுரைக்குடுவை.
அதன் பச்சை நுரை நடுங்கிக்கொண்டிருந்தது.
வில்மார் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு
லைட்டர் தேடக் குனிந்தான்.
நுரை அடங்கியது.
வரிசை நகர்ந்தது. நின்றோம். அவன் கால் பிரேக்கில்.
நுரை நடுங்கியது.
மூன்று முறை பார்த்தேன், குடிக்காமல்.

"காலை எடு."
"எதிலிருந்து?"
"பிரேக்கிலிருந்து."
"மேட்டில் நிற்கிறோம், நிபியா."
"எடு."

எடுத்தான்.
ஒரு சாண் பின்னால் உருண்டோம்,
பின்னாலிருந்த லாரி என் அம்மாவை விசாரித்தது.
ஆனால் என்ஜின் மூச்சை இழுத்து விட்டது.
மிதித்தான், கிடுகிடு.
எடுத்தான், இல்லை.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
ஹேண்ட்பிரேக், கதவு, பானெட்.
மானிஃபோல்டிலிருந்து பிரேக் சர்வோவுக்குப் போகும்
தடித்த குழாயை
இடுக்கியால் கழுத்தைப் பிடித்த மாதிரி நெரித்தான்.

அமைதி என்று சொல்லமாட்டேன்.
சண்டை போட்ட நான்கு பேர்
சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்த சத்தம்.

சர்வோவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
அந்தக் கிழிசல் வழியே வந்த காற்று
பக்கத்திலிருந்த மூன்றின் வாயில்தான் நிறைந்தது.
பெட்ரோல் எங்கே இறங்கும்?
சோம்பேறி என்று திட்டினோம்.
அது பட்டினி.

"இடுக்கியை எடுத்துவிடு," என்றேன்,
"பிரேக்குக்கு வலு வேண்டாமா வீட்டுக்குப் போக?"
எடுத்தான். நடுக்கம் திரும்பி வந்தது.
பெயர் தெரிந்துவிட்ட நடுக்கத்தை
ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டே நின்றான்.

மிச்ச தூரம் நடந்தேன். பிளாஸ்க்கை அவனிடமே விட்டேன்.
நன்றி சொல்லவில்லை அவன்.

கூண்டில் விளக்கைப் போட்டு
சில்லறையை அடுக்கும்போது கேட்டது,
கீழே, ரவுண்டானாவுக்கு முன்னால்,
எங்கள் வண்டி நிற்கிறது.
கிடுகிடு, கிடுகிடு.
பிறகு கிர்ரக் என்று
ஹேண்ட்பிரேக்.